எங்க புள்ளைங்க எடைய மெஸ் போர்டுல ஒட்டாதீங்க: ஏற்காடு ஹாஸ்டல் பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு ஒரு அப்பாவோட திறந்த மடல்

எங்க சின்னவ படிக்கிற பள்ளிக்கூடத்தோட தாளாளர் அவர்களுக்கும், பிரின்சிபல் மேடத்துக்கும், ஹாஸ்டல் வார்டனம்மாவுக்கும்,

போன வாரம் பேரன்ட்ஸ் குரூப்ல நீங்க போட்ட சர்க்குலர பத்தி தான் எழுதறேன். ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் மாசாமாசம் முதல் சனிக்கிழமை ஹாஸ்டல் புள்ளைங்க எல்லாருக்கும் வெயிட் பாத்து, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு) போட்டு, பேருக்கு நேரா பச்சை மஞ்சள் சிவப்புன்னு ஸ்டிக்கர் ஒட்டி மெஸ் வாசல் போர்டுல போடுவோம், மூணு மாசத்துல எந்த ஹவுஸ் அதிகமா கிலோ குறைக்குதோ அந்த ஹவுஸுக்கு பாயிண்ட், கப்புன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு கீழ நாப்பது அம்பது பேரு கும்பிடு, கைதட்டல், தம்ஸ் அப்புன்னு போட்டுத் தள்ளியிருந்தாங்க. நான் ஒருத்தன் மட்டும் "இது வேண்டாமுங்க"ன்னு போட்டேன். அஞ்சு நிமிஷத்துல "பர்சனலா பேசிக்கலாம் சார்"னு பதில் வந்துச்சு, குரூப்பையும் அட்மின் மட்டும் பேசுற மாதிரி மாத்திட்டீங்க. சரின்னு போன் பண்ணேன், "பாசிட்டிவா எடுத்துக்கோங்க சார்"னு சொல்லி வச்சுட்டீங்க. அதுக்கப்புறம் தான் எல்லாரும் படிக்கிற மாதிரியே எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் சேலம் செவ்வாப்பேட்டையில சின்னதா ஒரு கொலுசு பட்டறை வச்சிருக்கேன். எங்க பெரியவளும் உங்க ஹாஸ்டல்ல தான் இருந்தா, ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும். அவளுக்கு என்ன ஆச்சுன்னு உங்க ஆபீஸ் ஃபைல்ல "உடல்நலக் குறைவு"ன்னு ரெண்டு வார்த்தை இருக்கும், அவ்ளோதான். வந்தது சாப்பிட விடாம பட்டினி போட வைக்கற ஒரு மனநோய். இப்ப எங்க சின்னவ எட்டாவது போறா, அதே ஹாஸ்டல், அதே மெஸ்ஸு. அந்த மெஸ் வாசல்ல தான் இப்ப நீங்க போர்டு மாட்டப் போறீங்க.

எழுதறதுக்கு முன்னாடி பெரியவகிட்ட கேட்டேன். ஒரு நாள் முழுக்க ஒண்ணும் சொல்லல. மறுநாள் வந்து "எழுதுங்கப்பா, ஆனா நான் எத்தனை கிலோ இருந்தேன்னு மட்டும் எங்கயும் எழுதாதீங்க"ன்னா. ஏன் சாமின்னு கேட்டதுக்கு, என்னை மாதிரி ஒரு புள்ள அதை படிச்சா நோய் எவ்ளோ மோசம்னு அதுக்கு தோணாதுப்பா, நான் இன்னும் அவ்ளோ இறங்கலையேன்னு தான் தோணும்னு சொன்னா. டாக்டரும் இதையே தான் முன்னாடி சொல்லியிருந்தாங்க. அதனால இந்த மடல்ல கிலோ கணக்கு எதுவும் இருக்காது. எழுதுனதுல ரெண்டு இடத்தை அவளே அடிச்சும் விட்டுட்டா.

பெரியவ பத்தாவது போறப்ப கொஞ்சம் பூசுன மாதிரி தான் இருப்பா. நான் வீட்டுல பூசணின்னு தான் கூப்பிடுவேன். பாசமா தான் கூப்பிட்டேன், அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன், இன்னைக்கு அந்த வார்த்தைய எங்கயாவது கேட்டா எனக்கே வயித்தைப் பிசையுது. அந்த வருஷம் ஜூன்ல உங்க ஸ்கூல் ஸ்போர்ட்ஸ் டீம் செலக்‌ஷன்ல இவள நிறுத்தி "கொஞ்சம் குறைச்சுட்டு வாம்மா, அப்புறம் பாக்கலாம்"னு சொல்லியிருக்காங்க. அவ்ளோதான் சொன்னது, திட்டக்கூட இல்ல. இவ அன்னைல இருந்து காலையில எல்லாருக்கும் முன்னாடி எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சா. சோறு பாதியாச்சு, ராத்திரி சாப்பாடு நின்னுச்சு. ரெண்டு மாசத்துல அசெம்பிளில மேடைக்கு கூப்பிட்டு, இவள பாத்து கத்துக்கோங்க, இதுக்குப் பேரு வில் பவர்னு கைதட்ட வச்சிருக்காங்க. உங்கள மட்டும் குத்தம் சொல்லல. ஆவணில எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம், மண்டபத்துல பாத்தவங்க எல்லாம் அடையாளமே தெரியலையே கண்ணு, சூப்பரா ஆயிட்டியேன்னாங்க, எங்க அக்கா தன் பொண்ணை இழுத்துட்டு வந்து "இவகிட்ட டிப்ஸ் கேட்டுக்கோ"ன்னுச்சு. நானும் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு தான் இருந்தேன். வேற எந்த நோய் வந்தாலும் சொந்தக்காரங்க ஆரஞ்சு பழத்தோட பாக்க வருவாங்க. இது வந்தப்ப நாங்க எல்லாரும் நின்னு கைதட்டுனோம்.

அப்புறம் விரதம். கோட்டை மாரியம்மன் ஆடி பண்டிகைக்கு லீவுல வந்தவ, அம்மனுக்கு வேண்டியிருக்கேன்னு ஒரு டம்ளர் கூழ் கூட குடிக்கல. கூழ் ஊத்துறதே அம்மன் பேருல தானே, அதை குடிச்சா என்ன விரதம் கெட்டுப் போகும்னு அன்னைக்கு எனக்கு கேக்கத் தோணல. செவ்வாய் வெள்ளி விரதம்னா, புரட்டாசி சனிக்கிழமைன்னா, சஷ்டின்னா. எங்க அம்மா, அவளுக்கு அப்பத்தா, தெருவெல்லாம் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சுச்சு, இந்தக் காலத்துல இப்படி பக்தியா ஒரு புள்ளயான்னு. சாமி பேரைச் சொன்னா நம்ம வீடுகள்ல யாரும் தட்டுல சோறு இருக்கா இல்லையான்னு கேள்வி கேக்க மாட்டோம்ல, அந்த இடுக்குல தான் அது நுழைஞ்சுச்சு.

கார்த்திகை மாசம் ரெண்டாவது ஞாயிறு, விசிட்டிங் டே. எங்க வீட்டுல அவளுக்கு புடிக்கும்னு தட்டுவடை செட்டு, தட்டையும் துருவுன பீட்ரூட் கேரட்டும் சட்னியும் தனித்தனியா கட்டி எடுத்துட்டு வந்தாங்க, மேல வந்து போட்டுக் குடுத்தா தான் நமுத்துப் போகாதுன்னு. உங்க கிரவுண்டு ஓரமா சில்வர் ஓக் மரத்தடி பெஞ்சுல உக்காந்தோம். இவ எல்லாருக்கும் செட்டு போட்டுக் குடுத்தா, தங்கச்சிக்கு ரெண்டு, எனக்கு மூணு, இன்னும் சாப்பிடுங்கப்பான்னு ஊட்டாத குறை. தனக்கு ஒண்ணு எடுத்தா. மேல இருந்த தட்டைய எடுத்து தனியா வச்சா, கேரட்ட மட்டும் விரல்ல ஒதுக்குனா, கீழ் தட்டைய சின்னச் சின்னதா ஒடிச்சு ஒடிச்சு பேப்பர்ல பரப்பிட்டே ஸ்கூல் கதை பேசிட்டு இருந்தா. அரை மணி நேரம். கடைசில பேப்பர சுருட்டி குப்பைக்கூடைல போட்டுட்டு வந்து கை தட்டிக்கிட்டா. நான் அதை பாக்கல. என் கண்ணு அவ கால் மேல இருந்துச்சு. தொழில் புத்தி. வயசுக்கு வந்தப்ப என் கையால செஞ்ச பத்தரை இஞ்ச் கொலுசு, கணுக்கால்ல நிக்க வேண்டியது குதிகாலைத் தாண்டி செருப்பு மேல தொங்குது. "என்ன சாமி லூசா இருக்கு"ன்னு கேட்டுட்டு வண்டி பெட்டில கிடந்த இடுக்கிய எடுத்து அங்கயே ரெண்டு கண்ணிய கழட்டி மாட்டி விட்டேன். தை மாசம் வந்தப்ப இன்னொரு ரெண்டு. கால் ஏன் இளைக்குதுன்னு கேக்காம கொலுச சின்னதாக்கிட்டு வந்த ஆளு நான். அந்த நாலு கண்ணியும் தீப்பெட்டில போட்டு பட்டறை மேசை டிராயர்ல தான் இருந்துச்சு.

வார்டனம்மாகிட்ட அன்னைக்கே கேட்டோம், நல்லா சாப்பிடறாளான்னு. "உங்க பொண்ணு சோறு வேஸ்டே பண்ண மாட்டா சார், கொஞ்சமா வாங்கி நீட்டா முடிச்சுடுவா"ன்னாங்க. பத்தாவது பப்ளிக்ல நல்ல மார்க்கு, அதனால யாருக்கும் சந்தேகமே வரல. ஐப்பசில இருந்தே மாசாமாசம் வர்றது அவளுக்கு நின்னு போயிருந்துச்சு (ஒரு அப்பன் இதை எழுதறானேன்னு யாருக்காவது சங்கடமா இருந்தா இருக்கட்டும்), ஹாஸ்டல் நர்ஸ்கிட்ட சொல்லியிருக்கா, இந்த வயசுல அப்படித்தான் முன்ன பின்ன இருக்கும்னு அனுப்பிட்டாங்க. லீவுக்கு வீட்டுக்கு வந்தா, சேலத்துல அக்னி நட்சத்திரம், ஃபேன் காத்தே அனலா அடிக்குது, இவ ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருக்கா. மலை பழக்கம்னு நெனச்சோம். தலை வாரினா சீப்பு நிறைய முடி, ஆனா கையில மட்டும் பூனை முடி மாதிரி புதுசா மொளைச்சிருந்துச்சு. உடம்புல கொழுப்பு கரைஞ்சு போனா குளிர் தாங்க உடம்பே அப்படி மெல்லிசா முடி வளர்த்துக்குமாம், அப்புறம் தான் தெரிஞ்சுது.

கேட்டா வயிறு ஃபுல்லா இருக்கு, கேஸ், நெஞ்சுக்கரிச்சல்னு தான் சொல்வா. குண்டாயிடுவேன்னு பயமா இருக்குன்னு ஒரு தடவ கூட அவ வாயில இருந்து வரல. அதனால நாங்க வயித்து டாக்டரா தேடிப் போனோம். அல்சர் மாத்திரை, பூச்சி மாத்திரை, பசிக்கு டானிக், எண்டோஸ்கோப்பி, நடுவுல திருஷ்டி சுத்தி மந்திரிச்ச கயிறு வேற. நம்ம ஊரு பக்கம், ஹாங்காங் மாதிரி ஊர்லயும் கூட, இந்த நோய் இருக்குற புள்ளைங்க நெறைய பேரு குண்டு பயத்தை சொல்லாம வயித்தை தான் சொல்லுவாங்களாம், டாக்டருங்க எழுதி வச்சிருக்காங்க. எங்களுக்கு அதை யாரும் சொல்லல.

பதினொண்ணாவது சேர்ந்த அந்த ஜூலைல தான் ஹாஸ்டல் படிக்கட்டுல மயங்கி விழுந்தா. உங்க ஆபீஸ்ல இருந்து "லோ பிபி போல, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு போன். வாடகை கார் புடிச்சு போயி, அவ தலைய எங்க வீட்டம்மா மடில வச்சுட்டு அந்த 20 கொண்டை ஊசி வளைவும் இறங்குனோம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு நம்பர் பலகை இருக்கும்ல, அன்னைக்கு அதை எண்ணிட்டே வந்தேன், வேற எதையும் யோசிக்க தைரியம் இல்ல.

ஆஸ்பத்திரில நாடி பாத்த டாக்டரம்மா முகம் மாறிப் போச்சு. உடனே ஈசிஜி, ரத்தத்துல பொட்டாசியம், பாஸ்பேட்னு உப்புச் சத்து எவ்ளோ இருக்குன்னு எல்லாம் பாத்தாங்க. சாப்பாடு இல்லாததால இதயம் தன் வேகத்தை குறைச்சுக்கிட்டு ஓடிட்டு இருக்குன்னாங்க. நான் ஓடிப் போயி ஜூஸ், இளநி, பிரியாணின்னு வாங்கிட்டு வந்தேன். அப்படி திடீர்னு நெறைய குடுத்துடாதீங்க, ரொம்ப நாள் பட்டினில இருந்த உடம்புக்கு ஒரேயடியா சாப்பாடு போனா ரத்தத்துல பாஸ்பேட் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாகும், ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப பட்டினில இருந்து விடுதலையான கைதிங்க சில பேரு சாப்பிட்டதுக்கப்புறம் தான் செத்தாங்கன்னு சொன்னாங்க. கையில பிரியாணி பொட்டலத்தோட நின்னுட்டு இருந்தேன். சோறு போட்டா சரியாப் போயிடும்னு எங்கிட்ட சொல்றவங்களுக்கு நான் இன்னைக்கும் சொல்ற பதில் இது தான்.

மனநல டாக்டர் வந்து அனோரெக்சியா நெர்வோசான்னு பேரை சொன்னப்ப, மொதல்ல நான் கேட்டது "இதெல்லாம் இன்ஸ்டாகிராம்னால வர்றது தானுங்களே"ன்னு. இல்லீங்க, லண்டன்ல வில்லியம் கல்னு ஒரு டாக்டர் 150 வருஷம் முன்னாடியே வச்ச பேரு இதுன்னாங்க. மனநோய்கள்ல உயிர எடுக்கறது அதிகமா இருக்குற நோய்ல இதுவும் ஒண்ணாம். பிடிவாதம் இல்ல, கொழுப்பு இல்ல, சினிமா ஆசை இல்ல. பரம்பரை, சுபாவம், பயம், சுத்தி இருக்கவங்க பேச்சு எல்லாம் சேர்ந்து வர்றது, ஒரு டயட்டுல ஆரம்பிக்கும், ஒரு கட்டத்துக்கு மேல புள்ள நினைச்சாலும் நிறுத்த முடியாது.

எனக்கு நம்பறதுக்கு கஷ்டமா இருந்தது ஒண்ணு உண்டு. இவ சாப்பிடவே மாட்டா, ஆனா லீவு முழுக்க போன்ல சமையல் வீடியோ தான் பாப்பா, அம்மாவுக்கு ரெசிபியா அனுப்புவா, கேசரி கிண்டி பக்கத்து வீட்டு வரைக்கும் குடுப்பா. சாப்பாடு புடிக்காத புள்ள இப்படியா பண்ணும், நடிக்கிறான்னு கூட ஒரு நாள் கத்திட்டேன். டாக்டர் ஒரு ஆராய்ச்சி பத்தி சொன்னாங்க. அமெரிக்காவுல மின்னசோட்டா யூனிவர்சிட்டில 1944, 45-ல, ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி, நல்ல ஆரோக்கியமா இருந்த 36 வாலிபப் பசங்கள ஆறு மாசம் அரைப்பட்டினி போட்டு பாத்தாரு, போருல பட்டினி கிடக்கற ஜனங்கள எப்படி தேத்தறதுன்னு கண்டுபுடிக்க. அவங்களே ஒத்துக்கிட்டு வந்த பசங்க தான். கொஞ்ச நாள்ல அவங்களுக்கு சாப்பாட்ட தவிர வேற நினைப்பே இல்லாம போச்சு, சமையல் புஸ்தகம் சேர்க்க ஆரம்பிச்சாங்க, ஒரு தட்டு சோத்த மணிக்கணக்கா வச்சு சாப்பிட்டாங்க, எப்பவும் குளிருதுன்னாங்க, யார்கிட்டயும் பேச புடிக்கல. என் பொண்ணு செஞ்சதும் இதே தான், ஸ்வெட்டர் வரைக்கும். அந்தப் பசங்களுக்கு ஒல்லியாகணும்னு எந்த ஆசையும் இல்ல. பட்டினியே மூளைய அப்படி மாத்திடுது. அன்னைக்கு ராத்திரி பட்டறைக்கு போயி ஷட்டர பாதி இறக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

இப்ப உங்க ஸ்டிக்கருக்கு வரேன். வெயிட்ட கிலோல எடுத்து, மீட்டர்ல இருக்கற உயரத்தை அதே உயரத்தால பெருக்கி வர்றதால வகுத்தா பிஎம்ஐ. இந்தக் கணக்கை 1830-கள்ல போட்டவரு கெட்லேன்னு ஒரு பெல்ஜியம் கணக்கு வாத்தியாரு, அவரு டாக்டர் இல்ல, ஒரு நாட்டு ஜனங்க சராசரி எப்படி இருக்காங்கன்னு பாக்க தான் போட்டாரு. அதுக்கு 1972-ல பிஎம்ஐன்னு பேரு வச்சது யாருன்னா, அதே ஆன்செல் கீஸ் தான். சர்க்குலர்ல நீங்க போட்டுருக்க, 18.5-க்கு கீழ எடை குறைவு, 25-க்கு மேல எடை அதிகம்ங்கற அளவெல்லாம் பெரியவங்களுக்கு. வளர்ற புள்ளைங்களுக்கு வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து வளர்ச்சி அட்டவணைல வச்சு தான் படிக்கணும், இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 வயசுல இருந்து 18 வரைக்கும் 2015-லயே அட்டவணை போட்டு குடுத்திருக்கு. உங்க கணக்குப்படி பாத்தா ஏழாவது எட்டாவது படிக்கற நல்லா இருக்குற புள்ளைங்க கூட "எடை குறைவு"ல வருவாங்க.

கணக்க திருத்திட்டா போர்டு சரியாயிடும்னு நினைக்காதீங்க. என் பொண்ணை அந்த போர்டுல வச்சு பாருங்க. மொத ஆறு மாசம் அவ மஞ்சள்ல இருந்து பச்சைக்கு வந்திருப்பா. சோறு நின்னு, மாசாமாசம் வர்றது நின்னு, ராத்திரி தூக்கம் நின்னு இருந்த அந்த ஆறு மாசமும் உங்க போர்டு அவளுக்கு பச்சை ஸ்டிக்கர் குடுத்திருக்கும், அவ ஹவுஸுக்கு கப்பும் வந்திருக்கும். புலிமியான்னு இன்னொண்ணு இருக்கு, ஒளிஞ்சு அள்ளிச் சாப்பிட்டுட்டு பயந்து போயி வாந்தி எடுக்கறது, அந்தப் புள்ளைங்க நெறைய பேரு பாக்க சாதாரணமா தான் இருப்பாங்க, பச்சை தான் விழும், உள்ள பொட்டாசியம் இறங்கி இதயம் தடம் மாறிட்டு இருக்கும். மனசு கட்டுப்பாடே இல்லாம சாப்பிட்டுத் தீர்க்கிற நோயும் உண்டு, அந்தப் புள்ளைக்கு நீங்க சிவப்பு ஒட்டுவீங்க, அது வெக்கத்துல இன்னும் ஒளிஞ்சு சாப்பிடும். சிவப்புல இருக்கற புள்ள மூணு மாசத்துல கிடுகிடுன்னு இறங்குனா அதுவும் இதே நோயா இருக்கலாம், ஒல்லியா இருந்தா தான் அனோரெக்சியான்னு இல்ல. பசங்க ஹாஸ்டல்லயும் பாருங்க, அங்க கை பெருசாகலையேன்னு பவுடர் கலக்கிக் குடிச்சுட்டு சோத்துக்கு பயப்படறவன் ரெண்டு பேராவது இருப்பான், அவனுக்கு எந்த கலர் ஸ்டிக்கர்?

நாங்க வெள்ளிய மில்லிகிராம் வரைக்கும் எடை போடுறவங்க. எங்க தொழில்ல எடை குறைஞ்சா அதுக்குப் பேரு சேதாரம். அதுக்கு யாரும் கப்பு குடுத்து நான் பாத்ததில்ல.

குண்டாகறதும் பிரச்சனை தானேன்னு மேடம் போன்ல கேட்டீங்க. ஆமாங்க, பிரச்சனை தான், நான் இல்லைங்கல. எங்க வீட்டுலயே சுகர் இருக்கு. போன வருஷம், 2025 மே மாசம், சிபிஎஸ்இ அவங்க ஸ்கூல்கள்ல சர்க்கரை போர்டு வைக்கச் சொன்னாங்க, ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ்ல எவ்ளோ சர்க்கரைன்னு புள்ளைங்களுக்கு தெரியட்டும்னு. நல்ல விஷயம், நீங்களும் வைங்க. ஆனா அந்த போர்டு பாட்டிலைப் பத்தி பேசுது, புள்ளையோட உடம்பைப் பத்தி இல்ல. மெஸ்ல காய் கூட்டுங்க, வாரத்துல நாலு நாள் மைதா பரோட்டா போடறத குறைங்க, சாயங்காலம் எல்லாரையும் கிரவுண்டுல ஆட விடுங்க. ஏரிய சுத்தி நடக்க வைங்க. யார் கேட்டா வேண்டாம்னு?

உடம்பு எப்படி இருக்கணும்னு சுத்தி இருக்கறவங்க காட்டுறது புள்ளைங்கள எவ்ளோ சீக்கிரம் மாத்தும்ங்கறதுக்கு ஃபிஜி தீவு கதைய டாக்டர் சொன்னாங்க. அங்க நல்லா பூசுன உடம்பு தான் அழகு, சாப்பிடு சாப்பிடுன்னு தான் நம்மள மாதிரியே சொல்வாங்களாம். 1995-ல ஒரு பகுதிக்கு டிவி வந்துச்சு. வந்த புதுசுல ஸ்கூல் பொண்ணுங்கள விசாரிச்சப்ப எடைக்காக வாந்தி எடுக்கறவங்க ஒருத்தர் கூட இல்ல. 1998-ல திரும்ப விசாரிச்சா நூத்துக்கு 11 பேரு. மூணே வருஷம், அதுவும் வெறும் டிவி. நீங்க மாட்டப் போறது பேரு போட்ட போர்டு, அதுவும் சோத்துக்கு வரிசைல நிக்கற இடத்துல, ஒரு நாளைக்கு மூணு தடவ.

இன்னொண்ணு. நீங்க போன மார்ச்சுல இதை டிரையல் பாத்தீங்கல்ல, அதோட கதைய எங்க சின்னவ சொன்னா. வெயிட் பாக்கறதுக்கு முந்தின நாள் ராத்திரி அவங்க டார்மிட்டரில பாதிப் பேரு சாப்பிடப் போகல. காலையில தண்ணி குடிக்கல. ஒரு புள்ள ஷூவோட சாக்ஸையும் கழட்டிட்டு மெஷின்ல ஏறுச்சாம், ஏறினப்ப பின்னாடி வரிசைல நின்னவங்க நம்பர சத்தமா படிச்சிருக்காங்க. அன்னைல இருந்து அதுக்கு அந்த நம்பரே பட்டப்பேரு. பன்னண்டு பதிமூணு வயசு புள்ளைங்க. இதை என்கிட்ட சொல்லி முடிச்சுட்டு சின்னவ கேட்டா, "அப்பா, நான் குண்டா?" அவ அக்காவும் பக்கத்துல தான் உக்காந்திருந்தா. ரெண்டு பேரு முகத்தையும் என்னால பாக்க முடியல.

பெரியவ தேறினது மாத்திரையால இல்ல, மேசையில தான். லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரில 1980-கள்ல ஆரம்பிச்ச ஒரு முறை, பெத்தவங்களே சாப்பாட்டு பொறுப்ப கையில எடுத்துக்கறது. என்ன, எவ்ளோன்னு நாங்க முடிவு பண்ணுவோம், அவ சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஒருத்தர் கூடவே உக்காரணும், திட்டக்கூடாது, கெஞ்சக்கூடாது, எந்திரிச்சும் போகக்கூடாது. ரெண்டு இட்லிக்கு ஒண்ணே கால் மணி நேரம் ஆயிருக்கு. தட்டு செவுத்துல பறந்திருக்கு. உங்களால தான் நான் குண்டாகறேன்னு கத்துவா, எங்க வீட்டம்மா "ஆமா சாமி, இன்னொரு வாய்"னு மறுபடியும் பிசைஞ்சு வைப்பாங்க, அப்புறம் அடுப்படில போயி அழுவாங்க. மதியம் 1 மணில இருந்து 2 மணி வரைக்கும் நான் பட்டறைய சாத்திட்டு வீட்டுல இருப்பேன், ஆளுங்க எல்லாம் முதலாளிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பேசிக்கிட்டாங்க. பதினாலு மாசம்.

நாலாவது மாசம் டாக்டர் லெட்டரோட உங்ககிட்ட வந்தோம், மெஸ்ல ஒரு டீச்சர் கூட உக்காந்தா போதும், திரும்ப சேர்க்கலாம்னு எழுதியிருந்துச்சு. "ஹாஸ்டல்ல தனியா ஒரு புள்ளைக்கு பாத்துக்க முடியாது சார், மத்த புள்ளைங்களும் பாதிக்கும்"னு டிசி வாங்கிக்கச் சொன்னீங்க. ஒரு வருஷம் போச்சு. ஓடினப்ப மேடைல ஏத்தின புள்ள, விழுந்தப்ப உங்களுக்கு ஆபத்தாயிட்டா. அதுல எனக்கு இன்னும் ஆறல. இப்ப சேலத்துலயே பிளஸ் டூ படிக்கறா. முழுசா சரியாயிட்டான்னு சொல்ல மாட்டேன், பரீட்சை நேரம் வந்தா மறுபடியும் தட்டுல சோறு நகரும், பாத்துட்டே இருக்கோம். தீப்பெட்டில இருந்த கண்ணில மூணு திரும்ப கொலுசுல ஏறிடுச்சு. இன்னும் ஒண்ணு இருக்கு.

நான் கேக்கறது இது தான். சர்க்குலர வாபஸ் வாங்குங்க, அதே குரூப்ல எழுத்துல போடுங்க. போர்டு வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், கிலோவுக்கு பாயிண்ட் எந்த ஹவுஸுக்கும் வேண்டாம். ஹெல்த் செக்கப்புக்கு வெயிட் பாத்தே ஆகணும்னா வருஷத்துக்கு ரெண்டு தடவ, தனி ரூம்ல, நர்ஸ் ஒருத்தர் மட்டும், நம்பர சத்தமா படிக்காம, வயசு அட்டவணைல வச்சு பாத்து பெத்தவங்களுக்கு மட்டும் சொல்லுங்க, ஏறியிருந்தா மட்டும் இல்ல, திடீர்னு இறங்கியிருந்தாலும் சொல்லுங்க. பி.டி. சார், மேடம் எல்லாரும் ஆட்டத்தைப் பத்தி மட்டும் பேசட்டும், யார் உடம்பைப் பத்தியும் பாராட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். உடம்ப வச்சு பட்டப்பேரு வச்சா அதை ஜாதி பேரு சொல்லித் திட்டுனா எவ்ளோ சீரியஸா எடுப்பீங்களோ அவ்ளோ சீரியஸா எடுங்க. வீட்டுல நான் நிறுத்திட்டேன்.

வார்டனம்மாவுக்கும், மெஸ்ல பரிமாறுற அக்காங்களுக்கும், நர்ஸுக்கும் அரை நாளாவது இந்த நோய பத்தி ஒரு மனநல டாக்டர வரவழைச்சு சொல்லிக் குடுக்க வைங்க. சோறு பரிமாறுறவங்க கண்ணுக்கு தான் மொதல்ல படும். தொடர்ந்து சாப்பாட்ட தள்ளிப்போடற புள்ள, மெஸ்ஸுக்கே வராம விரதம் விரதம்னு சொல்ற புள்ள, சாப்பிட்டதும் பாத்ரூமுக்கு ஓடற புள்ள, வெயில்ல ஸ்வெட்டர் போடற புள்ள, மாசாமாசம் வர்றது நின்னு போன புள்ள, மயக்கம் வர்ற புள்ள, இவங்கள பாத்தா அந்த வாரமே வீட்டுக்கு போன் பண்ணுங்க, விசிட்டிங் டே வரைக்கும் காத்திருக்காதீங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி போன் 14416, 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. அந்த நம்பர ஹாஸ்டல் போனுக்கு மேல ஒட்டுங்க. ட்ரீட்மென்ட்ல இருக்குற புள்ளைய டாக்டர் அனுப்பினா திரும்ப சேர்த்துக்குவோம், டிசி குடுக்க மாட்டோம்னு ரூலாவே எழுதி வைங்க.

குரூப்ல கைதட்டின மத்த பெத்தவங்களே, உங்க மேல எனக்கு கோவம் இல்ல. நானும் கைதட்டினவன் தான். ஆனா ஒரு தடவ உங்க புள்ளைகிட்ட மார்ச் மாசம் வெயிட் பாத்தாங்களே, முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டியான்னு கேட்டுப் பாருங்க. கேட்டுட்டு அந்த தம்ஸ் அப்ப எடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

ஸ்கூல் தொறக்கறதுக்கு பத்து நாளைக்கு முன்னாடி எனக்கு எழுத்துல பதில் வேணும். வரலைன்னா நானும் எங்க வீட்டம்மாவும் நேர்ல வரோம், பெரியவளும் வரேன்னு சொல்லியிருக்கா. போர்டு இருந்தா சின்னவள அந்த ஹாஸ்டல்ல விடறதா இல்ல, கட்டின ஃபீஸ் போனாலும் சரி.

இப்படிக்கு,
செவ்வாப்பேட்டையில இருந்து ஒரு அப்பா